வரைபடத்தில் இல்லாத கொளம்

டத்தோ கிராமாட் பக்கம், ஆறு முழங்கை மாதிரி மடங்கித் திரும்புகிற இடத்தில் ஏழு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஐந்தாவது வீடு நல்லம்மாளுடையது. அடுத்தது அவளுடைய ஓரகத்தி காமினியின் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் நல்லம்மாள் மாவு அரைத்தால் அந்தப் பக்கம் காமினி வீட்டுச் சாமிப் படம் ஆடும். அந்தப் பக்கம் காமினி போனில் சிரித்தால் இந்தப் பக்கம் நல்லம்மாளின் அடிவயிற்றில் ஏதோ ஒன்று ஆடும்.

நல்லம்மாளுக்கு வயது ஐம்பத்து மூன்று. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா இடுப்பு ஒடிந்து படுத்தார். அம்மா வேலைக்குப் போனாள். மூன்று தம்பிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. “இந்த ஒரு வருஷம் மட்டும்” என்றார்கள். அந்த ஒரு வருஷம் இன்றுவரை முடியவில்லை. பிறகு குணாளனைக் கட்டிக்கொண்டு இந்த வரிசைக்கு வந்தாள். குணாளனுக்குப் பட்டர்வொர்த் துறைமுகத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிற வேலை. அவள் வீட்டிலேயே தோசை மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, அக்கம்பக்கத்துக்கும் தெருவோரத்து ஒட்டுக்கடைகள் இரண்டுக்கும் கொடுத்துவந்தாள். ஒரே மகள் கட்டிக்கொடுத்து ஈப்போவில் இருந்தாள்.

நாலு பேர் கூடின இடத்தில் நல்லம்மாளுக்கு நாக்கு எழாது. கல்யாண வீட்டில் கடைசி வரிசை, கோயிலில் தூண் ஓரம். ஆனால் கண் மட்டும் ஓயாது. யார் வந்தார்கள், யார் முகம் வாடியிருக்கிறது, யார் போன மாதம் கட்டிய சேலையை மறுபடி கட்டியிருக்கிறார்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். காமினி எந்த மாதம் எத்தனை புது ரவிக்கை தைத்தாள் என்பது காமினியைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

காமினி மேல் அவளுக்கு இருந்த பொறாமை ஒரே நாளில் வந்ததல்ல, பதினெட்டு வருஷம் ஊறியது. குணாளனின் தம்பி லோகேஸ்வரனைக் கட்டிக்கொண்டு காமினி வந்தபோது பள்ளிப் படிப்பின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்திருந்தாள். ஜெலுத்தோங்கில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. மின்சார மீட்டர் பார்க்க வருகிறவனிடம்கூட மலாயில் இரண்டு வார்த்தை பேசி அவனைச் சிரிக்க வைத்துவிடுவாள். வீட்டுக்கு ஏதாவது கடிதம் வந்தால் குணாளன் அதைப் பிரித்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “காமினிகிட்ட காட்டு” என்பான். அந்த இரண்டு சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நல்லம்மாளுக்குக் காதோரம் சூடாகும். கடிதத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். காமினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, படித்து, பொறுமையாக விளக்கிச் சொல்லுவாள். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. அதுதான் நல்லம்மாளால் தாங்க முடியாதது. காமினி கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் காமினி உட்பட அந்த வரிசையில் யாரும் நல்லம்மாளை நெருங்க முடியாது. அது ஆறு. மழை பெய்கிற நாளில் எல்லாரும் வேலையில் இருப்பார்கள். குணாளன் கடலுக்கு அந்தப் பக்கம் துறைமுகத்தில், லோகேஸ்வரன் பத்து காவானில் தொழிற்சாலையில், காமினி பள்ளியில். அடுப்படி ஜன்னலோரம் கிரைண்டரோடு நல்லம்மாள் மட்டும் இருப்பாள். ஆயர் ஈத்தாம் மலை மழையில் மறைந்தால் எத்தனை நேரத்தில் ஆறு நிறம் மாறும், கடலில் தண்ணீர் ஏறியிருந்தால் ஆறு எப்படிப் போக வழியில்லாமல் பின்னுக்கு வரும், அப்போது எந்த இடத்தில் முதலில் கரை தாண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

தாண்டி வருகிற தண்ணீர் நேரே வீட்டுக்குள் வராது. வீடுகளுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு திடல் இருக்கிறது. இடுப்பளவு தாழ்ந்த நிலம். வெயில் நாளில் அங்கே கோழி மேயும், மூன்றாவது வீட்டு சல்மாக்கா கொடி கட்டித் துணி காயப்போடுவாள். ஆறு பொங்கினால் தண்ணீர் முதலில் அங்கேதான் இறங்கும். ஒன்றரை மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம், அந்தத் திடல் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்குள் கடல் இறங்கிவிடும், தண்ணீரும் வந்த வழியே போய்விடும். எப்போதாவது பெரிய புயலில்தான் திடல் போதாமல் வீட்டுக்குள் வரும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்து கிடக்கிற அந்தத் திடலுக்கு வரிசைக்காரர்கள் எப்போதோ வைத்த பெயர் கொளம். “கோழி கொளத்துல மேயுது”, “துணிய கொளத்துல போட்டுருக்கேன்” என்று பேசிக்கொள்வார்கள். வெளியாள் கேட்டால் பைத்தியம் என்றுதான் நினைப்பான்.

ஒரு நாள் எல்லா வீட்டுக் கதவிலும் அறிவிப்பு செருகியிருந்தது. நகரத்து ஆறுகளுக்கு அடுத்த இருபது வருஷத்துக்குத் திட்டம் போடப்போகிறார்களாம், பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்ல வேண்டுமாம். நாலு மொழியில் அச்சடித்திருந்தது. தமிழில், ‘நதிப் பள்ளத்தாக்குகளின் எதிர்காலம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

சல்மாக்கா அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டே துணி எடுக்க வந்தாள். “பள்ளத்தாக்காம்லா! நல்லம்மா, நீ பள்ளத்தாக்கு பாத்துருக்கியா? படத்துல ரெண்டு பேரும் ஓடிப் புடிச்சுப் பாடுவாங்களே, அந்த எடம். அது நம்ம வீட்டுக்குப் பின்னாலதான் இருக்காம். இத்தன வருஷம் தெரியாமப் போச்சு!”

“நீங்க ஓடுங்க சல்மாக்கா, நான் பாடுறேன்,” என்றாள் நல்லம்மாள். சல்மாக்காவிடம் மட்டும் அவளுக்கு நாக்கு எழும்.

“நான் ஓடுனா முட்டி கழண்டு ஆத்துல போயிரும். உன் ஓரகத்திய ஓடச் சொல்லு. அவதான் அதுக்கு ஏத்த ஆளு.”

நல்லம்மாள் கொடியில் தொங்கிய துணிக்கிளிப்பைத் தேவைக்கு அதிகமாக அழுத்திப் பிடுங்கினாள்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை சமூக மண்டபத்தில் நடந்தது. திட்டக் குழுவிலிருந்து ஸுல்கிஃப்லி என்று ஒருவர் வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், பொறுமையான மனிதர். சுவரில் கட்டில் அகலத்துக்கு ஒரு வரைபடம். “வைத்திருக்க வேண்டியதில் பச்சை வட்டம் ஒட்டுங்கள், மாற்ற வேண்டியதில் சிவப்பு” என்று மலாயில் சொல்லி, ஒட்டுவில்லைத் தாளை ஆளுக்கொன்று கொடுத்தார். ஆற்றோரம் நடைபாதை, மரம், உட்கார பெஞ்சு, வருகிறவர்கள் கார் நிறுத்த இடம் எல்லாம் வரப்போகிறது என்றார். “படம் வரைய எங்களுக்குத் தெரியும். ஆற்றோடு இருக்கிறவர்கள் நீங்கள். வெள்ளம் எப்படி வருகிறது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”

ஒருவர் கொசு என்றார். ஒருவர் நாற்றம் என்றார். ஒருவர் உடும்பு தன் பூனையைப் பார்த்த பார்வையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். வெள்ளம் எப்படி வருகிறது என்பதை யாரும் சொல்லவில்லை. வேலையிலிருந்து வந்து சேற்றைக் கழுவியவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

ஸுல்கிஃப்லி பேசிய ஒவ்வொரு சொல்லும் நல்லம்மாளுக்குப் புரிந்தது. முப்பது வருஷம் காலைச் சந்தையில் மலாய்க்காரப் பெண்களிடம் காயும் மீனும் வாங்கியவள். காது நன்றாகப் பழகியிருந்தது, வாய்தான் பழகவில்லை. பேசாததால் தெரியாது என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். அவளும் மறுத்ததில்லை.

பக்கத்தில் இருந்த காமினியின் முழங்கையை இடித்தாள். “ஏய், சொல்லு. மலையில மழ பேஞ்சு கடல் ஏறியிருந்தா ஆறு பின்னால வரும். கொளம்தான் அத வாங்கி வச்சுக்குது. கொளத்த மட்டும் மூடக் கூடாதுன்னு சொல்லு.”

“நீங்களே சொல்லுங்கக்கா.”

“நீ சொல்லு.”

காமினி எழுந்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். நல்லம்மாள் நாலு வாக்கியத்தில் சொன்னதைப் பத்து வாக்கியமாக, ஏற்ற இறக்கத்தோடு, மலாயில் சொன்னாள். கடைசியில், “ஜாங்கான் தம்பாக் கோலாம்,” என்றாள். கொளத்தை மூடாதீர்கள். வரிசைக்காரர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நல்லம்மாளும் ஆட்டினாள். கைதட்டல் எழுந்தது.

“ரொம்ப உபயோகமான தகவல், புவான்,” என்று ஸுல்கிஃப்லி மலாய் மரியாதைச் சொல்லோடு பாராட்டினார். தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். கூட்டம் முடிவதற்குள் குடியிருப்பாளர் பக்கத்துப் பிரதிநிதியாகத் திட்டக் குழுவில் உட்காரக் காமினியின் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள நீல நாடாவில் ஓர் அட்டை கொடுத்தார்கள்.

திரும்பி வருகிற வழியில் குணாளன், “பாத்தியா, என்னா மாதிரி பேசுச்சு காமினி! ஆத்தப் பத்தி இவ்வளவு தெரியும்னு எனக்கே தெரியாதுலா,” என்றான்.

அன்றைக்கு நல்லம்மாள் அரைத்த மாவில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த நீல நாடாதான் அவள் கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. காமினி கூட்டத்துக்குப் போவாள், வருவாள். கடைத்தெருவில் தெரியாதவர்கள்கூட அவளை நிறுத்தி ஆற்றைப் பற்றிக் கேட்டார்கள். அவளும் ஆற்றோடு பிறந்து வளர்ந்தவள்போலப் பதில் சொன்னாள். தன் ஜன்னலுக்குள் கையை விட்டு யாரோ ஆற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனதுபோல நல்லம்மாளுக்கு இருந்தது. நானா சொல்லச் சொன்னேன் என்று கேட்டுக்கொள்வாள். ஆமாம், நீதான் சொல்லச் சொன்னாய் என்று அவளே பதில் சொல்லிக்கொள்வாள். அது இன்னும் எரிந்தது.

திருத்திய வரைபடத்தை மண்டபத்தில் மாட்டினார்கள். இரண்டு வாரம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், குறை இருந்தால் கடைசிச் சனிக்கிழமைக் கூட்டத்தில் எழுதிக் கொடுக்கலாம், அதோடு படம் மேலிடத்துக்குப் போய்விடும் என்றார்கள். நல்லம்மாள் ஒரு மத்தியானம், ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனாள். காமினி மட்டும் அங்கே மேசையில் இருந்தாள்.

“வாங்கக்கா, வாங்க! இங்க பாருங்க, நம்ம சொன்னத போட்டுருக்காங்க.” வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். “‘கோலாம் டிகெக்கால்கான்.’ கொளம் அப்படியே இருக்கும்னு அர்த்தம். எழுத்துலயே குடுத்துட்டாங்க.”

காமினி எழுத்தைப் படித்தாள். நல்லம்மாள் படத்தைப் பார்த்தாள்.

ஆற்றின் மடங்கலைக் கண்டுபிடித்தாள். அதன் உள்பக்கம் ஏழு சின்னக் கூரைகள். ஐந்தாவது அவளுடையது. கூரைகளுக்கும் ஆற்றுக்கும் நடுவில் பச்சையாகவோ நீலமாகவோ ஒன்றும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம், அதில் வெள்ளைக் கோடுகள், நடுவில் ‘P’ என்ற எழுத்து. குணாளன் காரை நிறுத்த இடம் தேடுகிறபோதெல்லாம் அவள்தான் அந்த எழுத்தைப் பார்த்துச் சொல்கிறவள். பக்கத்திலேயே அந்த இடத்தைக் குறுக்காக வெட்டினாற்போல ஒரு சின்னப் படம். அதில் திடல் தாழ்வாக இல்லை. மண் கொட்டி உயர்த்தி, கார்கள் வீட்டு வாசல்படி உயரத்தில் நின்றன.

காமினியின் விரல் இருந்த இடம் அதற்கு வெகுதூரம் மேலே, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே பிள்ளைகள் பார்க்க மீன் விட்ட ஒரு குளம் உண்டு. நீலமாக, உருண்டையாக, மேலே ஒட்டிய பச்சை வட்டத்தோடு அது ஜொலித்தது.

நல்லம்மாளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மலாயில் கோலாம் என்றால் தண்ணீர் நிற்கிற குளம். காய்ந்த திடலைக் கொளம் என்று சொல்கிறவர்கள் உலகத்திலேயே இந்த ஏழு வீட்டுக்காரர்கள்தான். காமினி இரண்டு சொல்லும் ஒன்றுதானே என்று அப்படியே எடுத்து வைத்துவிட்டாள். அந்த மனிதர் படத்தில் குளத்தைத் தேடியிருக்கிறார். இருக்கிற ஒரே குளத்தைக் காப்பாற்றிவிட்டார்.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை. தொண்டையில் தேன் இறங்கினதுபோல ஒரு இனிப்பு. அப்படி வா, என்றது மனசு. ஐந்தாம் படிவமாம், நீல நாடாவாம்.

“எப்படிக்கா இருக்கு?”

“நல்லா இருக்கு காமினி,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வீடு வரைக்கும் கால் தரையில் பாவவில்லை.

எட்டு நாள் அந்த இனிப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு நடமாடினாள். காமினி சிரித்தால் இவளும் சிரித்தாள். குணாளன் காமினியைப் புகழ்ந்தால், “ஆமா, கெட்டிக்காரிதான்,” என்றாள். குணாளன் அவளைத் திரும்பிப் பார்த்தான். காய்ச்சலா என்று கேட்டான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மலை மறைந்தது. மூன்று மணிக்கு ஆறு பால் தேநீர் நிறத்துக்கு மாறியது. கடல் ஏறுகிற நேரம். நல்லம்மாள் கிரைண்டரை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் நின்றாள். தண்ணீர் வழக்கமான மூலையில் கரை தாண்டி, சல்மாக்காவின் கொடிக்கம்பத்தைச் சுற்றிக்கொண்டு, திடலுக்குள் இறங்கியது. கோழிகள் கத்திக்கொண்டு மேலே ஓடின. தண்ணீர் ஏறி, ஏறி, அவள் வீட்டுப் பின்படிக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது.

அந்த ஒரு சாணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். படத்தில் பார்த்த சாம்பல் சதுரம் நினைவுக்கு வந்தது. இந்தத் தண்ணீர் முழுவதும் அங்கே உட்கார முடியாமல் போனால் எங்கே வரும்? அரிசி மூட்டை, கிரைண்டர், கட்டில், மகளின் கல்யாணப் படம். வருஷத்துக்கு ஒரு தடவை இல்லை, மழைக்கு மழை வரும். காமினி வீட்டுக்கும் வரும்தான். ஆனால் காமினி வேலையில் இருப்பாள், இடுப்பளவு தண்ணீரில் நின்று மூட்டை தூக்கப் போவது தான்தான். வாயில் இருந்த இனிப்பு கசந்தது.

தண்ணீர் வடிந்ததும் காமினியிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். சாயங்காலம் காமினியே வந்தாள். கையில் புதுச்சேலைப் பை.

“அக்கா, நாளைக்குச் சனிக்கிழமக் கூட்டத்துக்கு இத கட்டலாமா? பெரிய ஆளுங்கல்லாம் வராங்களாம்.”

“கட்டேன். நல்லா இருக்கும்.” நல்லம்மாள் சேலைப் பையை வாங்கி ஓரமாக வைத்தாள். “காமினி, ஒன்னு சொல்லணும். அந்தப் படத்துல...”

“அய்யோ, நானும் ஒன்னு கேக்க வந்தேன், மறந்தே போச்சு!” என்றாள் காமினி. “முப்பது பேருக்குக் கேசரி செஞ்சு தரீங்களா? உங்க கேசரின்னா ஸுல்கிஃப்லிக்கு ரொம்பப் புடிக்கும்லா, போன தடவ டப்பாவ நக்காத கொறதான். நீங்க கூட்டத்துக்கு வந்து ஒக்காந்து கஷ்டப்பட வேணாம்கா. எல்லாம் மலாயிலதான் நடக்கும், உங்களுக்கு ஒன்னும் புரியாது. லோகேஸ் வந்து டப்பாவ எடுத்துக்குவார்.”

அன்பாகத்தான் சொன்னாள். நல்லம்மாளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் ஆழமாக இறங்கியது.

“முந்திரி போடவா, திராட்ச போடவா?” என்று கேட்டாள்.

“ரெண்டும் போடுங்கக்கா. என்னமோ சொல்ல வந்தீங்களே?”

“ஒன்னுமில்ல. சேலைக்கு ஊதா ரவிக்க போடு.”

கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றாள். சொல்லத்தான் போகிறாள், ஆனால் இங்கே, அடுப்படியில், காதோடு இல்லை. சனிக்கிழமை, எல்லாருக்கும் முன்னால்.

சனிக்கிழமை லோகேஸ்வரன் வருமுன்பே கேசரி டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளே மண்டபத்துக்குப் போய்விட்டாள். கடைசி வரிசையில் சல்மாக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். காமினி முன்மேசையில், ஊதா ரவிக்கையில், ஸுல்கிஃப்லிக்கு இடப்பக்கம் இருந்தாள். அழகாக இருந்தாள். அது வேறு.

ஸுல்கிஃப்லி ஒவ்வொரு பகுதியாகக் காட்டிக்கொண்டு வந்தார். ஆற்று மடங்கலுக்கு வந்ததும், “இங்குள்ள குடியிருப்பாளர்கள் கேட்டபடி குளத்தைக் காப்பாற்றியிருக்கிறோம்,” என்றார். காமினி தலைகுனிந்து புன்னகை செய்தாள். “யாருக்காவது ஆட்சேபணை உண்டா?”

நல்லம்மாள் எழ நினைத்தாள். கேசரி டப்பாவின் மூடியை இன்னொரு தடவை அழுத்தினாள்.

“ஆட்சேபணை?”

மனப்பாடம் செய்து வைத்திருந்த மலாய் வாக்கியம் தலையிலிருந்து முழுவதுமாகக் கழுவிக்கொண்டு போய்விட்டது. பக்கத்தில் சல்மாக்கா கொட்டாவி விட்டாள். ஸுல்கிஃப்லி அடுத்த பகுதிக்குப் போகக் குச்சியை உயர்த்தினார். அந்தக் குச்சி நகர்ந்தால் திடல் போயிற்று.

எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நடு வழியில் நடந்து போய், வரைபடத்துக்கு முன்னால் நின்று, மீன் குளத்தின் மேல் இருந்த பச்சை வட்டத்தை நகத்தால் சுரண்டி உரித்தாள். அதைக் கொண்டுபோய்ச் சாம்பல் சதுரத்தில், ‘P’ எழுத்தின் நெற்றியில் ஒட்டினாள்.

ஸுல்கிஃப்லியின் குச்சி பாதியில் நின்றது.

“புவான்?” என்றார் ஸுல்கிஃப்லி.

“இதுதான் கொளம்,” என்றாள் நல்லம்மாள், தமிழில்.

அவர் காமினியைப் பார்த்தார். காமினி எழுந்து வரைபடத்தின் அருகே வந்தாள். பச்சை வட்டத்தைப் பார்த்தாள், ஏழு கூரைகளைப் பார்த்தாள், மேலே மீன் குளத்தைப் பார்த்தாள். அவள் கழுத்திலிருந்து சிவப்பு மெல்ல மேலே ஏறுவதை நல்லம்மாள் பக்கத்திலிருந்து பார்த்தாள். இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான்.

ஆனால் காமினி கெட்டிக்காரி. ஒரு மூச்சு இழுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு மலாயில் சொன்னாள்: “எங்க அக்கா நினைவுபடுத்துகிறார்கள். இங்கே இரண்டு குளம் உண்டு. நான் முதலில் ஒன்றைச் சொன்னேன். இப்போது இரண்டாவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறோம்.”

“ஆ, இரண்டா!” என்று ஸுல்கிஃப்லி பேனாவை எடுத்தார். முன்வரிசையில் ஒருவர் கைதட்டக்கூட ஆரம்பித்தார்.

நல்லம்மாளுக்குக் காது இரண்டும் கொதித்தது. திடலும் தப்பித்துவிட்டது, காமினியும் தப்பித்துவிட்டாள். பேசாமல் போய் உட்கார்ந்தால் எல்லாம் சுபம். அவளால் முடியவில்லை.

“சாத்து சஜா, என்சே,” என்றாள். ஒன்றுதான் ஐயா. அவள் குரல் அவளுக்கே யாருடையதோபோலக் கேட்டது. மீன் குளத்தைக் காட்டி, “அது மீனுக்கு,” என்றாள் மலாயில். சாம்பல் சதுரத்தைக் காட்டி, “இது எங்களுக்கு. எப்போதும் ஒன்றுதான். மழை இல்லாதபோது திடல். மழை வந்தால் குளம். நீங்கள் மண் கொட்டினால் தண்ணீர் என் அடுப்படிக்கு வரும்.”

“ஐயோ அல்லா!” என்றாள் சல்மாக்கா கடைசி வரிசையிலிருந்து. “நல்லம்மா மலாய் பேசுறா!” பிறகு படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “ஆமாலா என்சே, நாங்க எல்லாரும் அதத்தான் கொளம்னு சொல்லுவோம்! அன்னிக்கு நானும் தலய ஆட்டுனேன். என் கொடிக்கம்பம் மேலயா கார நிறுத்தப் பாத்தீங்க?” என்று தமிழும் மலாயும் கலந்து கத்தினாள். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது.

காமினி மட்டும் சிரிக்கவில்லை. “என் தப்புதான், என்சே,” என்றாள் சின்னக் குரலில். “எங்கள் பேச்சில் அந்தத் திடலுக்குப் பெயர் அது. நான் யோசிக்காமல் அப்படியே சொல்லிவிட்டேன்.”

ஸுல்கிஃப்லி வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். தண்ணீர் எந்த மூலையில் கரை தாண்டும், எவ்வளவு நேரம் நிற்கும், எங்கே வந்து நிற்கும் என்று ஒவ்வொன்றாக நல்லம்மாளிடம் கேட்டார். அவள் விரலால் காட்டினாள். அவர் ‘P’ எழுத்தைப் பென்சிலால் அடித்துவிட்டு, திடலைச் சுற்றி நீலக் கோடு போட்டார். “இதைத் தாழ்வாகவே விட்டுவிடலாம். கார் நிறுத்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இடம் இருக்கிறது. ஆனால் என் கோடு மட்டும் போதாது, புவான். ஆட்சேபணைப் பாரத்தில் எழுதி இன்றைக்கே கொடுக்க வேண்டும்.”

பாரம் மலாயில் இருந்தது. பேசுவது வேறு, எழுதுவது வேறு. நல்லம்மாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு கட்டங்களைப் பார்த்தபடி நின்றாள். பக்கத்தில் நிழல் விழுந்தது.

“குடுங்க,” என்றாள் காமினி. முகத்தைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். “எட்டு நாளா தெரியுமா உங்களுக்கு?”

“ஒம்பது.”

“அடுப்படியில சொல்லியிருக்கலாம்லக்கா.”

“சொல்ல வந்தேன். நீ கேசரி கேட்ட.”

காமினியின் உதடு நடுங்கி நின்றது. அழப்போகிறாளோ என்று நல்லம்மாள் பயந்தாள். அழட்டும் என்றும் நினைத்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

“பேரு?” என்றாள் காமினி.

“தெரியாதா?”

“எழுதணும். சொல்லுங்க.”

“நல்லம்மாள். என் பேரு மட்டும். உன் பேரு வேணாம்.”

காமினி எழுதினாள். “காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. கொளம்னா என்னன்னு இவங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க.”

நல்லம்மாள் யோசித்தாள். “மழ வந்தா ஆறு வந்து ஒக்காந்துட்டுப் போற எடம். அதுக்கு ஒக்கார எடம் இல்லன்னா அது எங்க வீட்டுக்குள்ள வந்து ஒக்காரும்.”

காமினி அதை மலாயில் மாற்றி எழுதினாள். ஒரு சொல்கூட அடிக்காமல், ஒரு கோடுகூடச் சாயாமல், மணி மணியாக எழுதினாள். ஸுல்கிஃப்லி வாங்கிப் படித்தார். திரும்பவும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். “எவ்வளவு அழகான வாக்கியம், புவான் காமினி!” என்றார். “இதை அறிக்கையின் முதல் பக்கத்தில் போடலாம்.”

அது யாருடைய வாக்கியம் என்று காமினி திருத்தவில்லை. நல்லம்மாளைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. சிவந்த கண்ணோடு மெல்லச் சிரித்தாள்.

நல்லம்மாள் அவர் கையில் இருந்த தாளையே பார்த்தாள். தன்னுடைய வாக்கியம்! வீடு தப்பித்தது, திடல் தப்பித்தது, மண்டபம் முழுவதும் தன் குரலைக் கேட்டது, எல்லாம் சரி. அந்த ஒரு வாக்கியத்தைக் காமினி தூக்கிக்கொண்டு போய்விட்டாளே!

“கையெழுத்து, புவான்,” என்று ஸுல்கிஃப்லி அடியில் இருந்த சின்னக் கட்டத்தைக் காட்டினார்.

நல்லம்மாள் பேனாவை வாங்கினாள். ஆறாம் வகுப்பில் கற்ற உருண்டைத் தமிழ் எழுத்தில், அழுத்தி, தன் பெயரை முழுவதுமாக எழுதினாள். கட்டம் போதவில்லை. எழுத்துகள் கோட்டைத் தாண்டி மேலே ஏறி, காமினியின் அழகான வரியின் வாலை மிதித்துக்கொண்டு நின்றன.